ஸ்கோர் சொல்லாததைப் பார்ப்பது: டென்னிஸ் ஆட்டத்தை அலச ஒரு முழுமையான வழிகாட்டி

2019 விம்பிள்டன் ஆடவர் இறுதிப்போட்டியின் புள்ளிவிவரத் தாளை, யார் ஜெயித்தார் என்பதை மட்டும் மறைத்துவிட்டு ஒருவரிடம் காட்டுங்கள். எடுத்த மொத்தப் புள்ளிகள்: ரோஜர் ஃபெடரர் 218, நோவக் ஜோகோவிச் 204. ஏஸ் (எதிராளி தொடவே முடியாத சர்வ்) 25-க்கு 10. வின்னர் (எதிராளிக்கு எட்டாமல் நேரே புள்ளியாகும் அடி) 94-க்கு 54. எதிராளியின் சர்வீஸை ஃபெடரர் 7 முறை பிரேக் செய்திருக்கிறார் (அதாவது எதிராளி சர்வ் போட்ட கேமை வென்றிருக்கிறார்), ஜோகோவிச் 3 முறைதான். யாராக இருந்தாலும் ஃபெடரர்தான் ஜெயித்தார் என்று சத்தியம் செய்வார்கள். ஆனால் 4 மணி 57 நிமிடம் ஓடிய அந்த ஆட்டம் 7-6, 1-6, 7-6, 4-6, 13-12 என்று ஜோகோவிச்சுக்குப் போனது.

டென்னிஸை அலச விரும்புகிறவர்கள் முதலில் மனத்தில் வாங்க வேண்டிய விஷயம் இதுதான்: இங்கே எல்லாப் புள்ளிகளும் ஒரே விலை இல்லை. எத்தனை எடுத்தார் என்பதைவிட எப்போது எடுத்தார், அந்த நேரத்தில் எந்த ஷாட்டை நம்பினார் என்பதே ஆட்டத்தைத் தீர்மானிக்கிறது. ஃபெடரரே 2024-ல் டார்ட்மவுத் கல்லூரிப் பட்டமளிப்பு விழாவில் இதைச் சொன்னார். அவர் ஆடிய 1,526 ஒற்றையர் ஆட்டங்களில் ஏறக்குறைய 80 சதவீதத்தில் வெற்றி. ஆனால் ஆடிய புள்ளிகளில் அவர் வென்றது 54 சதவீதம்தான். அந்தச் சின்ன வித்தியாசம் ஒரு குறிப்பிட்ட ஆட்டத்தில் எங்கிருந்து வந்தது என்று தேடுவதுதான் நம் வேலை. ஒரு நோட்டு, ஒரு பேனா, முழு ஆட்டத்தின் வீடியோ இருந்தால் போதும்.

படி 1: முழு ஆட்டத்தைப் பாருங்கள்

ஹைலைட்ஸை வைத்து ஆட்டத்தை அலச முடியாது. ஹைலைட்ஸில் வருவது கண்ணுக்கு விருந்தான புள்ளிகள். ஆட்டத்தைத் தீர்மானிப்பதோ பெரும்பாலும் பார்க்கச் சுவாரசியமில்லாதவை: நெட்டில் மாட்டிய ரிட்டர்ன் (சர்வைத் திருப்பி அடிக்கும் அடி), பாதிக் கோர்ட்டில் விழுந்த பந்து, 15-30-ல் போட்ட இரண்டாவது சர்வ்.

முதல் தடவை சும்மா ரசிகராகப் பாருங்கள். முடிவு முன்பே தெரிந்திருந்தாலும் பரவாயில்லை, அது நல்லதும்கூட. இரண்டாவது தடவை வர்ணனையை ஊமையாக்கிவிடுங்கள். வர்ணனையாளர் "இவருக்கு இப்போது நம்பிக்கை வந்துவிட்டது" என்று ஒரு கதையைத் தொடங்கிவிட்டால், அப்புறம் நம் கண்ணும் அந்தக் கதைக்கேற்ப மட்டுமே பார்க்கும்.

கேமராவையும் கொஞ்சம் சந்தேகப்படுங்கள். ஒளிபரப்புக் கேமரா ஒரு பேஸ்லைனுக்கு (கோர்ட்டின் பின்கோடு) பின்னால் உயரத்தில் இருக்கிறது. பந்து இடமா வலமா என்பது நன்றாகத் தெரியும். எவ்வளவு ஆழம், எவ்வளவு உயரம் என்பது, அதுவும் தூரத்துப் பக்கத்தில், சரியாகத் தெரியாது. வீரர்கள் ஒற்றைப்படை கேம் முடிந்ததும் பக்கம் மாறுவதால் இருவரையும் அருகிலிருந்து பார்க்க வாய்ப்புக் கிடைக்கும். ஒரு வீரரின் கால் வேலையை எடைபோட, அவர் நமக்கு அருகில் இருக்கும் கேம்களையே நம்புங்கள்.

படி 2: ஆட்டத்துக்கு முந்தைய கதை

2008 சென்னை ஓப்பன் இறுதிப்போட்டியில் மிகைல் யூஷ்னி ரஃபேல் நடாலை 6-0, 6-1 என்று வென்றார். ஒரு மணி நேரம்கூட ஆகவில்லை. இந்த ஸ்கோரை மட்டும் எடுத்து வைத்துக்கொண்டு "நடாலின் டாப்ஸ்பின்னை (பந்தை முன்னோக்கிச் சுழற்றி எகிறவைக்கும் அடி) யூஷ்னி எப்படி உடைத்தார்" என்று பக்கம் பக்கமாக எழுதலாம். எல்லாம் வீண். முந்தைய நாள் அரையிறுதியில் கார்லோஸ் மோயாவுடன் மூன்று செட்டும் டை-பிரேக்கருக்கு (கேம்கள் சமமாகும்போது செட்டைத் தீர்க்கும் கடைசி கேம்) போய், ஏறக்குறைய நான்கு மணி நேரம் ஆடிவிட்டு வந்திருந்தார் நடால். நுங்கம்பாக்கத்தில் அன்று காலியானது கால்கள்தான், வியூகம் அல்ல.

ஆகவே முதல் பக்கத்தில் இவற்றைக் குறித்துக்கொள்ளுங்கள்: என்ன தரை, யார் இடக்கை, பேக்ஹேண்ட் (ராக்கெட் பிடிக்கும் கைக்கு மறுபக்கம் வரும் பந்தை அடிப்பது) ஒரு கையா இரு கையா, முந்தைய சுற்றுகளில் எவ்வளவு நேரம் ஆடினார்கள், வெயிலா, கூரை மூடியிருந்ததா. பத்து நிமிட வேலைதான்.

படி 3: புள்ளிக்கு ஒரு வரி

புள்ளிகளுக்கு இடையே வீரருக்கு விதிப்படி 25 விநாடி கிடைக்கிறது. நமக்கும் அதுதான். அதற்குள் எழுதி முடிக்கும்படி ஒரு சுருக்கெழுத்து வேண்டும்.

சர்வ் போன திசைக்கு மூன்று எழுத்து: வெளிப்பக்கம் 'வெ', உடம்பை நோக்கி 'உ', நடுக்கோட்டை ஒட்டி 'ந'. ஃபோர்ஹேண்டுக்கு (ராக்கெட் பிடிக்கும் கைப்பக்கத்து அடி) 'ஃ', பேக்ஹேண்டுக்கு 'பே'. முடிவுக்கு வின்னர் என்றால் நட்சத்திரம், நெட் என்றால் 'நெ', கோட்டுக்கு வெளியே என்றால் பெருக்கல் குறி. அப்படியென்றால் ஒரு வரி இப்படி இருக்கும்: "30-40, 1, வெ, 5, ஃ ×". ஸ்கோர் 30-40, முதல் சர்வ், வெளிப்பக்கம், ஐந்தாவது ஷாட்டான ஃபோர்ஹேண்ட் வெளியே போய்ப் புள்ளி முடிந்தது. பார்க்கச் சாதாரணமான வரிதான். இருநூறு வரி சேர்ந்த பிறகு அதில் வீரரின் பழக்கங்கள் தெரியத் தொடங்கும்.

இதையே பெரிய அளவில் செய்கிறது ஜெஃப் சாக்மன் தொடங்கிய மேட்ச் சார்ட்டிங் பிராஜெக்ட். தன்னார்வலர்கள் ஆயிரக்கணக்கான ஆட்டங்களை ஷாட் ஷாட்டாகக் குறித்து, அவரது டென்னிஸ் அப்ஸ்ட்ராக்ட் தளத்தில் இலவசமாக வைத்திருக்கிறார்கள். ஆனாலும் முதல் இரண்டு மூன்று ஆட்டங்களையாவது நீங்களே கையால் எழுதுங்கள். தயாராகக் கிடைக்கும் அட்டவணை கண்ணைப் பழக்காது.

படி 4: சர்வ், அதிக நேரம் செலவிட வேண்டிய இடம்

முதல் சர்வ் எத்தனை சதவீதம் உள்ளே விழுந்தது என்பதைத்தான் டிவி காட்டும். அது தனியாக நின்றால் பெரிதாக எதுவும் சொல்லாது. எங்கே போட்டார், எந்த ஸ்கோரில் போட்டார் என்று பிரித்துப் பாருங்கள்.

இதற்குக் கோர்ட்டின் கணக்கைக் கொஞ்சம் புரிந்துகொள்ள வேண்டும். ஒரு கேமின் முதல் புள்ளி டியூஸ் பக்கத்திலிருந்து (சர்வ் போடுபவரின் வலப்பக்கம்), அடுத்தது அட்வான்டேஜ் பக்கத்திலிருந்து (இடப்பக்கம்) என்று மாறி மாறி ஆடப்படுகிறது. இதன் விளைவைப் பலர் கவனிப்பதில்லை. 0-40, 30-40, டியூஸுக்கு (40-40) பின் வரும் பிரேக் பாயிண்ட் (இழந்தால் சர்வரின் கேம் பறிபோகும் புள்ளி), மூன்றுமே அட்வான்டேஜ் பக்கத்தில்தான் வரும். 15-40 மட்டுமே டியூஸ் பக்கம். அதாவது ஒரு சர்வர் உயிரைக் கையில் பிடித்துக்கொண்டு நிற்கும் நேரங்களில் பெரும்பாலானவை அட்வான்டேஜ் பக்கத்தில்தான்.

இப்போது இடக்கை ஆட்டக்காரரை யோசித்துப் பாருங்கள். அந்தப் பக்கத்திலிருந்து அவர் ஸ்லைஸ் செய்து (பந்தைச் சீவிச் சுழற்றி) வெளிப்பக்கம் போடும் சர்வ் வளைந்து வளைந்து வலக்கை எதிராளியின் பேக்ஹேண்டுக்குப் போய், அவரைக் கோர்ட்டைவிட்டே வெளியே இழுக்கும். அவருக்கு இயல்பாக வரும் சர்வும் மிகவும் தேவைப்படும் சர்வும் ஒன்றாக அமைந்துவிடுகின்றன. 2008 விம்பிள்டன் இறுதியில் நடாலுக்கு எதிராக ஃபெடரருக்குக் கிடைத்த பிரேக் பாயிண்ட்கள் 13. மாற்றியது ஒன்றே ஒன்று. "ஃபெடரர் பதறிவிட்டார்" என்று கடந்து போவது எளிது. அந்த 13 புள்ளிகளையும் ஒன்றன்பின் ஒன்றாக ஓடவிட்டு, சர்வ் எந்தப் பக்கம் போனது, ஒரு கை பேக்ஹேண்டுக்கு எத்தனை முறை போனது என்று குறித்துப் பாருங்கள். பதற்றம் ஃபெடரரிடம் எவ்வளவு, திட்டம் நடாலிடம் எவ்வளவு என்று அப்போது பேசலாம்.

சர்வில் சின்ன மாற்றம்கூட எவ்வளவு பெரிதாகும் என்பதற்கு ஒரு கணக்கு. ஒருவர் தன் சர்வீஸ் புள்ளிகளில் 60 சதவீதம் வென்றால், நிகழ்தகவுப்படி அவர் தன் சர்வீஸ் கேமைக் காப்பாற்றும் வாய்ப்பு ஏறக்குறைய 74 சதவீதம். புள்ளி 65 சதவீதமானால் கேம் 83 சதவீதமாகிறது. புள்ளியில் ஐந்து கூடினால் கேமில் ஒன்பது கூடுகிறது. இதனால்தான் "இரண்டாவது சர்வில் எத்தனை சதவீதம் வென்றார்" என்ற வரியை நான் எப்போதும் முதலில் பார்ப்பேன். முதல் சர்வ் எல்லோருக்கும் ஓரளவு வேலை செய்யும். எதிராளி யார் மேல் ஏறி உட்கார்ந்தார் என்பது இரண்டாவது சர்வில்தான் தெரியும்.

கடைசியாக, சர்வ் திசைகளை இரண்டாகப் பிரித்து எண்ணுங்கள்: சாதாரண ஸ்கோரில் போட்டவை, 30-30 முதல் மேலே நெருக்கடியில் போட்டவை. இரண்டு பட்டியலும் ஒன்றாக இருந்தால் அவர் கணிக்க முடியாத சர்வர். நெருக்கடியில் ஒரே திசைக்கு ஓடினால், எதிராளியும் அதை இந்நேரம் கண்டுபிடித்திருப்பார்.

படி 5: ரிட்டர்ன் நிற்கும் இடம்

ரிட்டர்ன் செய்பவர் பேஸ்லைனுக்கு எவ்வளவு பின்னால் நிற்கிறார் என்பதை ஒவ்வொரு செட்டின் தொடக்கத்திலும் குறியுங்கள். பின்னால் நின்றால் பந்தை அடிக்க நேரம் கிடைக்கும். ஆனால் வெளிப்பக்கச் சர்வுக்கு அதிகம் ஓட வேண்டும், நெட்டுக்கு வருபவரைத் தடுப்பதும் கடினம்.

இதற்கு 2023 யுஎஸ் ஓப்பன் இறுதியைவிட நல்ல பாடம் கிடைக்காது. டேனில் மெத்வதேவ் தன் வழக்கப்படி வெகு பின்னால் நின்றார். வாழ்நாள் முழுக்க பேஸ்லைன் ஆட்டக்காரராக அறியப்பட்ட ஜோகோவிச் அன்று சர்வ் போட்டுவிட்டு நேராக நெட்டுக்கு ஓடினார். அப்படி 22 முறை செய்து 20 புள்ளிகளை எடுத்தார். மொத்தத்தில் 44 முறை நெட்டுக்கு வந்து 37-ல் வெற்றி. ஆட்டம் 6-3, 7-6, 6-3. இங்கே ஜோகோவிச்சின் வாலியை (பந்து தரையில் விழும் முன்பே அடிப்பது) புகழ்வது பாதி உண்மைதான். அவ்வளவு பின்னாலிருந்து வரும் ரிட்டர்ன் நெட்டை அடைவதற்குள் அவர் வசதியாக வந்து நின்றுவிட முடிந்தது என்பதே மீதிப் பாதி. நெட் புள்ளிகளை எண்ணும்போது எதிராளி எங்கே நின்றார் என்பதையும் சேர்த்தே எழுதுங்கள்.

படி 6: முதல் நான்கு ஷாட்

நீண்ட ராலிகள்தான் (பந்து மாறி மாறிப் போய்வரும் தொடர்) நம் நினைவில் நிற்கும். ஆனால் தொழில்முறை ஆட்டங்களில் பெரும்பாலான புள்ளிகள் நான்கு ஷாட்டுக்குள் முடிந்துவிடுகின்றன. ஜோகோவிச்சின் அணியில் சில காலம் வியூகப் பகுப்பாய்வாளராக இருந்த கிரெய்க் ஓ'ஷானெஸ்ஸி ராலிகளை நான்கு வரை, ஐந்து முதல் எட்டு, ஒன்பதுக்கு மேல் என்று மூன்று கட்டாகப் பிரித்து இதைப் பரப்பினார். பத்தில் ஏழு புள்ளிகள் முதல் கட்டிலேயே முடிகின்றன என்பது அவருடைய கணக்கு. உங்கள் நோட்டிலும் இந்த மூன்று கட்டுக்கும் தனித்தனியாக வெற்றியை எண்ணுங்கள்.

அதிலும் சர்வுக்கு அடுத்த ஷாட்டை உற்றுப் பாருங்கள். நல்ல சர்வர்கள் சர்வையும் அதற்கடுத்த ஃபோர்ஹேண்டையும் ஒரே ஜோடியாகவே யோசிக்கிறார்கள். சர்வ் வெளிப்பக்கம், வந்த பந்து காலியான மறுபக்கம். அந்த இரண்டாவது அடியை ஃபோர்ஹேண்டால் அடிக்க முடிந்ததா, பேக்ஹேண்டால் சமாளிக்க வேண்டியதாயிற்றா? ரிட்டர்ன் ஆழமாக வந்த நாளில் அந்த ஃபோர்ஹேண்ட் காணாமல் போகும். "இன்று அவர் ஃபோர்ஹேண்ட் எடுபடவில்லை" என்று வர்ணனையில் சொல்வதற்குப் பாதி நேரம் காரணம் எதிராளியின் ரிட்டர்ன்தான்.

படி 7: ராலியில் யார் முதலில் திசையை மாற்றுகிறார்

இரண்டு பேர் குறுக்காகவே அடித்துக்கொண்டிருப்பது சோம்பேறித்தனம் அல்ல. ஒற்றையர் கோர்ட் நீளம் 23.77 மீட்டர், அகலம் 8.23. மூலைக்கு மூலை அடித்தால் நேர்கோட்டைவிட ஒரு மீட்டருக்கு மேல் கூடுதல் இடம் கிடைக்கும். நெட்டும் நடுவில் 91 சென்டிமீட்டர், ஓரக் கம்பத்தில் 107. குறுக்கே அடிப்பவர் தாழ்ந்த நெட்டைத் தாண்டி நீண்ட கோர்ட்டில் பந்தைப் போடுகிறார். நேராக அடிப்பவர் உயர்ந்த நெட்டைத் தாண்டிக் குறுகிய இடத்தில் போட வேண்டும். ஆகவே திசையை மாற்றுவது ஒவ்வொரு முறையும் ஒரு துணிச்சலான முடிவு. அதை யார், எந்தப் பந்தில், எங்கே நின்றுகொண்டு எடுக்கிறார் என்று குறித்தால் ராலியின் எலும்புக்கூடு கிடைத்துவிடும்.

ஃபெடரர்-நடால் பகையின் மையமே இந்தக் குறுக்குக் கோடுதான். நடாலின் இடக்கை ஃபோர்ஹேண்ட் குறுக்கே வந்து ஃபெடரரின் ஒரு கை பேக்ஹேண்டில் தோள் உயரத்துக்கு எகிறும். ஆண்டுக்கணக்கில் அந்த ஒரு கோட்டை நடால் கறந்தார். 2017 ஆஸ்திரேலிய ஓப்பன் இறுதியில் ஃபெடரர் அதே பந்தை எகிறுவதற்கு முன்பே, பேஸ்லைனை விட்டு நகராமல், தட்டையாக அடித்தார். ஐந்தாவது செட்டில் 1-3 என்று பின்தங்கியும் 6-3 என்று முடித்தார். 2008 விம்பிள்டன் இறுதியையும் இதையும் அடுத்தடுத்துப் பாருங்கள். பேக்ஹேண்ட் அடிக்கும்போது ஃபெடரரின் கால்கள் எங்கே இருக்கின்றன என்பதை மட்டும் கவனித்தால் போதும்.

படி 8: தவறுகளை அப்படியே நம்பாதீர்கள்

அன்ஃபோர்ஸ்டு எரர் என்பது அளவு அல்ல, ஒருவரின் தீர்ப்பு. ஸ்கோர் எழுதுபவர் இது எதிராளி வற்புறுத்திய தவறு, இது தானாகச் செய்த தவறு என்று முடிவு செய்கிறார். ஆட்கள் மாறினால் எண் மாறும். இரண்டு வேறு தொடர்களின் எண்களை ஒப்பிடுவதில் அர்த்தமே இல்லை என்பது என் கருத்து.

ஒவ்வொரு தவறுக்கும் இரண்டு ஷாட் பின்னால் போய்ப் பாருங்கள். 1975 விம்பிள்டன் இறுதியில் ஜிம்மி கானர்ஸைத் தோற்கடிக்க முடியாது என்றே எல்லோரும் நினைத்தார்கள். வேகமாக வரும் பந்தை அதைவிட வேகமாகத் திருப்பி அடிப்பது அவர் பலம். ஆர்தர் ஆஷ் வேகத்தையே கொடுக்கவில்லை. கானர்ஸின் ஃபோர்ஹேண்டுக்கு மெதுவாக, தாழ்வாக, வேகமில்லாத பந்துகள். சர்வை வெளிப்பக்கமாக ஸ்லைஸ். நெட்டுக்கு வந்தால் தலைக்கு மேல் லாப். 6-1, 6-1, 5-7, 6-4. கானர்ஸ் நெட்டில் அடித்த பந்துகளைத் தனியாக எண்ணினால் அவருக்கு மோசமான நாள் என்று தோன்றும். அந்த மோசமான நாளைச் செய்தவர் ஆஷ். பந்தின் வேகத்தைக் குறைத்து ஜெயிக்கும் கலை நம்மூரில் பார்த்தவர்களுக்குப் புதிதல்ல. ரமேஷ் கிருஷ்ணன் 1989 ஆஸ்திரேலிய ஓப்பனில் அப்போதைய முதல்நிலை வீரர் மாட்ஸ் விலாண்டரை வென்றபோது பலத்தால் வெல்லவில்லை.

படி 9: விலை உயர்ந்த புள்ளிகள்

இப்போது 2019 இறுதிக்கு இன்னொரு முறை. ஃபெடரரின் கூடுதல் புள்ளிகளில் பெரும்பகுதி இரண்டாவது செட்டில் சேர்ந்தவை. 6-1 என்று வென்ற செட்டும் ஒரு செட்தான். ஜோகோவிச் வென்ற மூன்று செட்டும் டை-பிரேக்கர். ஐந்தாவது செட்டில் 8-7, 40-15 என்று ஃபெடரருக்குச் சொந்த சர்வில் இரண்டு சாம்பியன்ஷிப் பாயிண்ட் (வென்றால் பட்டம்). முதலாவதில் அவர் ஃபோர்ஹேண்ட் வெளியே போனது. இரண்டாவதில் நெட்டுக்கு வந்த அவரை ஜோகோவிச் குறுக்கே அடித்த ஃபோர்ஹேண்டால் கடந்தார். ஃபெடரரின் தேர்வு தவறா? ஆட்டம் முழுக்க அவர் நெட்டுக்கு வந்து எடுத்த புள்ளிகளை எண்ணாமல் இதற்குப் பதில் சொல்லக் கூடாது. வழக்கமாக வேலை செய்த ஒன்று அந்த முறை வேலை செய்யவில்லை என்றால், அது தவறான முடிவல்ல.

நோட்டில் பிரேக் பாயிண்ட், டை-பிரேக்கர், 30-30, டியூஸ் இவற்றை மட்டும் வேறு நிறத்தில் வட்டமிடுங்கள். பிறகு அந்த வட்டங்களை மட்டும் படியுங்கள். ராலி நீண்டிருக்கிறதா? முதல் சர்வின் திசை மாறியிருக்கிறதா? யார் முதலில் ரிஸ்க் எடுக்கிறார்?

ஆனால் இங்கே ஓர் எச்சரிக்கையும் வேண்டும். இவை மிகக் குறைவான புள்ளிகள். 2025 ஃபிரெஞ்சு ஓப்பன் இறுதியில் எடுத்த மொத்தப் புள்ளிகள்: யானிக் சின்னர் 193, கார்லோஸ் அல்கராஸ் 192. நான்காவது செட்டில் 5-3 என்று முன்னிலையில் இருந்து, அல்கராஸின் சர்வில் 0-40 என்று மூன்று சாம்பியன்ஷிப் பாயிண்ட்களைத் தவறவிட்ட சின்னர், 5 மணி 29 நிமிடத்துக்குப் பிறகு தோற்றார். அந்த மூன்று புள்ளிகளை வைத்து ஒருவரின் மனவலிமைக்கு மதிப்பெண் போடுவது எனக்கு ஒப்பவில்லை. ஒரு வருடத்து ஆட்டங்களில் அதே நெருக்கடியில் அதே ஷாட் திரும்பத் திரும்ப வந்தால் பேசலாம்.

படி 10: எங்கே மாறியது

எண்களைச் செட் வாரியாகப் பிரியுங்கள். மொத்த எண் சராசரியாக்கி மறைத்துவிடும் மாற்றம் அதில் வெளியே வரும். ரிட்டர்ன் நிற்கும் இடம் மாறியதா, ஸ்லைஸ் கூடியதா, டிராப் ஷாட் (நெட்டை ஒட்டி மெதுவாக விழவைக்கும் அடி) எப்போது வரத் தொடங்கியது என்று பாருங்கள். 2025 முதல் ஆட்டத்தின் நடுவே கோர்ட்டுக்கு வெளியிலிருந்து பயிற்சியாளர் ஆலோசனை சொல்வதை விதிகள் அனுமதிக்கின்றன. ஆகவே ஒரு வீரர் தன் பயிற்சியாளர் உட்கார்ந்திருக்கும் இடத்தைப் பார்த்துப் பேசிய அடுத்த கேமில் ஏதாவது மாறியதா என்பதையும் குறிக்கலாம்.

படி 11: ஒரு வாக்கியத்தில் எழுதி, அதை உடைக்கப் பாருங்கள்

"அவர் நன்றாக ஆடினார்" என்பது முடிவு அல்ல. "இரண்டாவது செட்டிலிருந்து இரண்டாவது சர்வை உடம்பை நோக்கிப் போட்டதால் எதிராளியின் பேக்ஹேண்ட் ரிட்டர்ன் குட்டையானது" என்பது முடிவு. அதைச் சரிபார்க்க முடியும். எழுதியதும், அதற்கு எதிராகப் பேசும் புள்ளிகளை நோட்டில் தேடுங்கள். அதிகம் கிடைத்தால் வாக்கியத்தைத் திருத்துங்கள்.

முதல் பயிற்சிக்கு ஐந்து செட் ஆட்டத்தை எடுக்காதீர்கள், பாதியில் நோட்டை மூடிவிடுவீர்கள். 2022 ஆஸ்திரேலிய ஓப்பன் மகளிர் இறுதியை எடுங்கள்: ஆஷ்லி பார்ட்டி, டேனியல் காலின்ஸ், 6-3, 7-6. இரண்டாவது செட்டில் காலின்ஸ் 5-1 என்று முன்னிலையில் இருந்து, செட்டை முடிக்க இரண்டு முறை சர்வ் செய்தார். அந்த இரண்டு கேம்களை மட்டும் மூன்று தடவை ஓடவிடுங்கள். முதல் தடவை காலின்ஸின் சர்வ் திசையை எழுதுங்கள், இரண்டாவது தடவை பார்ட்டியின் ரிட்டர்ன் எவ்வளவு ஆழம் என்பதை. மூன்றாவது தடவை பார்ட்டி எந்தப் பந்துக்கு ஸ்லைஸை விட்டுவிட்டு ஃபோர்ஹேண்டுக்கு நகர்ந்தார் என்பதை மட்டும்.